மரச்சாமான் பட்டறைகளும் நாம் வைக்கும் பாக்கியும்



சிறு மரச்சாமான் பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு வருவதைப் பற்றி நம்மிடையே பேசாதவர் இல்லை. ஷோரூம் வைத்திருப்பவரைக் கேட்டால் மலேசியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் வரும் சரக்குதான் காரணம் என்கிறார். மரவாடிக்காரரைக் கேட்டால் தேக்கு விலை என்கிறார். பட்டறைக்காரரைக் கேட்டால் இழைப்புளி பிடிக்கத் தெரிந்த பையன்கள் கிடைப்பதில்லை என்கிறார். மூன்றும் உண்மைதான். ஆனால் இந்த மூன்று பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து காபி குடித்தாலும் பேச்சில் வராத நான்காவது காரணம் ஒன்று இருக்கிறது. அது பாக்கி. கட்டிலும் பீரோவும் டைனிங் டேபிளும் கடைக்குப் போய் இறங்கிய பிறகு பணம் எப்போது வருகிறது என்கிற விஷயம். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். மரவாடி நடத்தும் எனக்கு இதில் இரண்டு பக்கத்துக் கணக்கும் தெரியும் என்பதால் எழுதத் துணிந்தேன்.

முதலில் கொஞ்சம் பழைய கதை. 1967இல் மத்திய அரசு சில பொருட்களைச் சிறுதொழிலுக்கு மட்டும் என்று ஒதுக்கி வைக்கத் தொடங்கியது. ஒரு கட்டத்தில் எண்ணூறுக்கு மேல் இருந்த அந்தப் பட்டியல் பின்னால் சிறிது சிறிதாகக் குறைந்து, கடைசியில் இருபது பொருட்களில் வந்து நின்றது. ஊறுகாய், ரொட்டி, தீப்பெட்டி, பட்டாசு, ஊதுபத்தி, கண்ணாடி வளையல் இவற்றோடு மரச்சாமான்களும் ஸ்டீல் பீரோவும் அந்த இருபதில் இருந்தன. 2015 ஏப்ரலில் அந்த இருபதையும் எடுத்துவிட்டார்கள். எத்தனை கோடி முதல் உள்ள கம்பெனி வேண்டுமானாலும் கட்டில் செய்யலாம் என்று ஆயிற்று.

அடுத்தது வரி. ஜி.எஸ்.டி. வருவதற்கு முன்பு, வருடத்துக்கு ஒன்றரைக் கோடி ரூபாய் வரை உற்பத்தி செய்யும் சிறு தொழில்களுக்குக் கலால் வரி விலக்கு இருந்தது. பெரிய தொழிற்சாலை கலால் கட்டிவிட்டு அதற்கு மேல் வாட் கட்டும். சிறு பட்டறை வாட் மட்டும் கட்டும். இந்த வித்தியாசம்தான் கையால் இழைத்தவனுக்கும் மெஷினில் அறுத்தவனுக்கும் இடையே ஒரு சமநிலையைக் கொடுத்தது. 2017 ஜூலை 1 அன்று அது போய்விட்டது. போனதோடு மட்டுமல்ல, மரச்சாமான்களுக்கு முதலில் விதித்த வரி 28 சதவீதம். கார், ஏ.சி. மெஷின் வரிசையில் மரக் கட்டிலையும் வைத்தார்கள்! நாடெங்கும் கூச்சல் போட்ட பிறகு 2017 நவம்பர் மத்தியில் 18 சதவீதம் ஆக்கினார்கள். 2025 செப்டம்பர் 22 அன்று வரி விகிதங்களைத் திருத்தியபோது மூங்கில், பிரம்பு சாமான்கள் 12இலிருந்து 5 சதவீதத்துக்கு இறங்கின. மரச்சாமான் 18லேயே நின்றது.

ஆக, இரண்டேகால் வருட இடைவெளியில் பட்டறைக்காரருக்கு இருந்த இரண்டு வேலிகளும் பிடுங்கப்பட்டன. இதில் நம் கையில் ஒன்றுமில்லை, ஒப்புக்கொள்கிறேன்.

மர விஷயம் எனக்குத் தெரிந்த விஷயம் என்பதால் இரண்டு வார்த்தை அதிகமாகவே சொல்கிறேன். பர்மா தேக்கு என்பது நம் பக்கத்தில் ஒரு பெருமைச் சொல்லாகவே இருந்தது. செட்டிநாட்டு வீடுகளின் தூண்களைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். 2014 ஏப்ரல் முதல் மியான்மர் அரசு உருட்டு மர ஏற்றுமதியை நிறுத்தியது. இங்கே, 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் கோதவர்மன் வழக்கில் பிறப்பித்த உத்தரவுக்குப் பிறகு காட்டு மரம் வெட்டுவதும் புதிதாக அறுவை மில் வைப்பதும் கடுமையான கட்டுப்பாட்டுக்குள் வந்துவிட்டன. காடு பிழைத்தது, நல்லதுதான். இன்றைக்கு நம் மரவாடிகளுக்கு வருவது கானா, பெனின், டோகோ போன்ற ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் ஈக்வடார், பனாமா, கோஸ்டாரிகா பக்கத்திலிருந்தும் கண்டெய்னரில் தூத்துக்குடியில் இறங்கும் தோட்டத் தேக்கு. வெட்டுப் பருவம் குறைவான மரம். வெள்ளைப் பகுதி அதிகம், வைரம் குறைவு. டாலர் ஏறினால் அன்றைக்கே விலை ஏறும், இறங்கினால் இறங்குவதற்கு மாதக்கணக்காகும். (எங்கள் தொழிலைப் பற்றி நானே இப்படி எழுதலாமா என்று சிலர் கேட்பார்கள். எழுதலாம்.)

இந்த மரத்தை வாங்கியதும் அறுத்துக் கட்டில் செய்துவிட முடியாது. பச்சை மரத்தில் செய்த டிராயர் மழைக்காலத்தில் இறுகும், கோடையில் ஆடும், மேல் பலகை வில்லாக வளையும். பலகையாக அறுத்து, இடையில் ரீப்பர் கொடுத்து அடுக்கி, நிழலில் காற்றாட வைத்தால் ஓரங்குலப் பலகை உலரவே மாதக்கணக்காகும். கில்ன் வைத்திருப்பவர் அதே வேலையை இரண்டு மூன்று வாரத்தில் முடித்துவிடுவார். பெரிய கம்பெனிக்குக் கில்ன் உண்டு. நான்கு ஆசாரிகளை வைத்து வேலை வாங்கும் பட்டறைக்காரருக்கு அது ஏது? அவர் பணம் பலகை அடுக்கில் உறங்குகிறது. வங்கி மேனேஜர் வந்து பார்த்தால், நகராத சரக்கு என்று சொல்லி டிராயிங் பவரைக் குறைக்கிறார். மரம் சும்மா கிடக்கவில்லை, அது கிடப்பதே ஒரு வேலை என்பதை அவருக்கு எப்படிப் புரிய வைப்பது!

இனி நம் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு கட்டிலை வைத்துக் கணக்குப் பார்ப்போம். கணக்குக்கு வசதியாக முழு எண்ணாகவே வைத்துக்கொள்கிறேன்.

மரம், பிளைவுட், கீல், பசை, பாலிஷ் எல்லாம் சேர்த்து 10,000 ரூபாய். அதற்கு 18 சதவீத வரி 1,800. ஆசாரி கூலி, கரண்ட், வாடகை எல்லாம் சேர்த்து 8,000. பட்டறைக்காரருக்கு மிஞ்சுவது 2,000. ஆக, கடைக்குப் போடும் பில் 20,000, வரி 3,600. பட்டறைக்காரர் தான் ஏற்கனவே கட்டிய 1,800ஐக் கழித்துக்கொண்டு மீதி 1,800ஐ அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டும். கூலிக்கு வரவு வைத்துக்கொள்ள வரி கிடையாது. அதனால் கைவேலை எவ்வளவு அதிகமோ அவ்வளவு அதிகமாக ரொக்கத்தில் வரி கட்ட வேண்டியிருக்கிறது. மெஷினில் பலகையை வெட்டி ஒட்டுபவருக்கு இந்தப் பாரம் குறைவு.

அந்த 1,800ஐ எப்போது கட்ட வேண்டும்? கடைக்காரர் பணம் கொடுத்த பிறகா? இல்லை. ஜூனில் பில் போட்டால் ஜூலை 20ஆம் தேதிக்குள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிட்டர்ன் போடும் சலுகை எடுத்தவர்களும் மாதாமாதம் 25க்குள் பணம் கட்டியாக வேண்டும். கடைக்காரர் செப்டம்பர் கடைசியில் கொடுக்கிறார் என்றால், அவர் வாங்கிய கட்டிலுக்கான வரியைப் பட்டறைக்காரர் இரண்டு மாதம் முன்பே தன் கையிலிருந்து கட்டியிருப்பார். கடைக்காரரோ அந்த பில்லில் உள்ள 3,600ஐ அடுத்த ரிட்டர்னிலேயே வரவு எடுத்திருப்பார். பணம் கொடுக்காமலே வரி வரவு! 180 நாள் வரை சட்டம் அதை அனுமதிக்கிறது, அதன் பிறகும் கொடுக்காவிட்டால்தான் வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும்.

ஒரு கட்டிலில் பட்டறைக்காரர் முடக்கிய பணம் மரமும் வரியும் கூலியும் சேர்த்து ஏறத்தாழ 21,600 ரூபாய். ஊரில் வாங்கும் கடனுக்கு நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் வட்டி என்றால் மூன்று மாதத்துக்கு 1,296. அவருக்கு மிஞ்ச வேண்டிய 2,000இல் கையில் நிற்பது 704. அதே பணம் 45 நாளில் வந்திருந்தால் வட்டி 648, கையில் நிற்பது 1,352. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு! ஒரு பைசா விலை ஏற்றாமல், ஒரு சதவீதம் வரி குறைக்காமல் கிடைக்கும் வித்தியாசம் இது. மரவாடிக்கும் மூன்று மாதம் பாக்கி நின்றால் நாங்கள் மட்டும் சும்மா இருக்கிறோமா? முப்பது நாளுக்கு மேல் வட்டி போடுகிறோம், அடுத்த லோடுக்குக் கன அடிக்கு விலையைக் கூட்டியே சொல்கிறோம். கடை தாமதப்படுத்துவதற்கு மரவாடியும் சேர்ந்து பட்டறையிடம் வசூலிக்கிறது. இதுதான் இன்றைய நடைமுறை.

‘கம்போஸிஷன் திட்டத்தில் சேர்ந்துவிட வேண்டியதுதானே, ஒரு சதவீதம்தானே’ என்று சிலர் சொல்வார்கள். ஒன்றரைக் கோடி வரை விற்பவருக்கு அந்த வசதி உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அவர் வரி பில் போட முடியாது, பக்கத்து மாநிலத்துக்கு அனுப்பவும் முடியாது. நம் ஷோரூம்காரர் அவரிடம் வாங்கினால் வரி வரவு கிடைக்காது. அதனால் வாங்குவதில்லை. வீட்டுக்காரர்களிடம் நேரடியாக ஆர்டர் எடுப்பவருக்கு அந்தத் திட்டம் சரி. கடைக்குச் சப்ளை செய்பவருக்கு உதவாது.

பாக்கிக்கு ஒரு சட்டம் இருப்பது எல்லோருக்கும் தெரியும். 2006ஆம் வருடத்துச் சிறுதொழில் சட்டப்படி, குறு, சிறு உற்பத்தியாளரிடம் வாங்கிய சரக்குக்கு எழுத்து மூலம் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும், ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளிலும் பணம் கொடுக்க வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல் மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. சட்டம் வந்து இத்தனை வருடமாகியும் எந்தப் பட்டறைக்காரராவது நம்மில் யார் மீதாவது புகார் கொடுத்தாரா? சென்னை, கோவை, மதுரை, திருச்சியில் இதற்கென்று கவுன்சில் இருக்கிறது. புகார் கொடுத்தால் பாக்கி வரும், அடுத்த ஆர்டர் வராது. அவருக்கு அது தெரியாதா?

பிறகு 2023ஆம் வருட நிதிச் சட்டத்தில் மத்திய அரசு வேறு வழியாகப் பிடித்தது. அந்த 15, 45 நாள் கெடு தாண்டிய பாக்கியை வருமான வரிக் கணக்கில் அந்த வருடச் செலவாக எடுத்துக்கொள்ள முடியாது. என்றைக்குப் பணம் கொடுக்கிறோமோ அந்த வருடத்தில்தான் எடுக்கலாம். 2023-24ஆம் நிதியாண்டுக் கணக்கிலிருந்து இது நடைமுறைக்கு வந்ததும், 2024 தொடக்கத்தில் வியாபாரிகள் அமைப்புகள் பல இதை ஒத்திவைக்கக் கேட்டன. ஆடிட்டர் ஆபீஸ்களில் அந்த மார்ச் மாதம் இருந்த நெருக்கடியை மறந்திருக்க மாட்டீர்கள்.

அப்போது நடந்த ஒரு காரியம் பற்றி வெளிப்படையாகவே எழுத வேண்டியிருக்கிறது. சட்டம் பாதுகாப்பது பதிவு பெற்ற உற்பத்தியாளரை மட்டும்தான், நம்மைப் போன்ற வியாபாரிகளை அல்ல என்பது தெரிந்ததும், ‘உத்யம் பதிவை ரத்து செய்துவிட்டு வா, ஆர்டர் தருகிறேன்’ என்று சொன்னவர்கள் உண்டு. நாடு முழுக்கப் பல தொழில்களில் இது நடந்தது. எனக்குத் தெரிந்த ஒரு பட்டறைக்காரர், பத்துப் பன்னிரண்டு வருடமாக ஒரே கடைக்குச் சப்ளை செய்பவர், ரத்து செய்த தாளின் நகலைக் கொண்டுபோய்க் கடையில் காட்டிவிட்டு ஆர்டர் வாங்கி வந்தார். பதிவு போனால் என்ன போகிறது? பாக்கிக்கான பாதுகாப்பு மட்டுமல்ல. சிறுதொழில் கடனும், பிணையில்லாக் கடனுக்கு அரசாங்கம் கொடுக்கும் கியாரண்டியும், அரசு டெண்டரில் உள்ள சலுகையும் அந்தப் பதிவை வைத்துத்தான். 45 நாள் என்ற ஒரு கெடுவுக்காக ஒருவருடைய வங்கிக் கதவையே அடைக்கச் சொல்வது வியாபாரம் ஆகாது. சட்டத்தை எதிர்த்து மனு கொடுப்பது நம் உரிமை, அதை நான் குறை சொல்லவில்லை. எளியவரின் கையைக் கொண்டே அவர் பதிவைக் கிழிக்கச் சொல்வது வேறு.

ஷோரூம் வைத்திருக்கும் நண்பர்களின் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஜவுளி போல் மடித்து அடுக்கும் சரக்கல்ல இது. ஒரு சோபா செட் வைக்கும் இடத்துக்கு மாத வாடகை என்ன என்பது அவர்களுக்குத்தான் தெரியும். ஆடியில் கல்யாணம் இல்லை, புரட்டாசியில் சிலர் வாங்குவதில்லை, மார்கழி முழுக்க ஈ ஓட்ட வேண்டும். ஆவணி முகூர்த்தத்துக்குச் சீர் வாங்க வருபவர்களுக்காக ஆடியிலேயே சரக்கு நிறைத்து வைக்க வேண்டும். செல்போனில் விலை பார்த்துவிட்டு வந்து, அதே விலைக்குக் கேட்கும் வாடிக்கையாளர் வேறு. இவ்வளவும் சரி. ஆனால் இன்றைக்கு விற்பனையில் ஒரு நல்ல பங்கு மாதத் தவணையில் நடக்கிறது. பைனான்ஸ் கம்பெனி தன் கழிவைப் பிடித்துக்கொண்டு சில நாட்களில் கடைக்காரர் கணக்கில் பணத்தைப் போட்டுவிடுகிறது. அப்படி விற்ற கட்டிலுக்கும் பட்டறைக்காரர் மூன்று மாதம் காத்திருப்பதற்கு என்ன காரணம் சொல்ல முடியும்?

விற்றால்தான் காசு என்று வாங்கி வைக்கும் வழக்கமும் இருக்கிறது. அதில் தவறில்லை, பழைய முறைதான். ஆனால் அதற்கு முதல் நாளே வரி பில் கேட்கிறார்களே, அதுதான் சரியில்லை. ஜி.எஸ்.டி. சட்டத்திலேயே இதற்கு வழி இருக்கிறது. பிடித்தால் எடுத்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் திருப்பலாம் என்ற முறையில் டெலிவரி சலானில் சரக்கை அனுப்பலாம். கடைக்காரர் எடுத்துக்கொள்ளும்போது பில், அல்லது அனுப்பி ஆறு மாதம் ஆனால் பில், எது முன்போ அது. அதுவரை பட்டறைக்காரர் வரி கட்ட வேண்டியதில்லை. ஆடிட்டரைக் கேட்டால் பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவார். ஈ-வே பில் மட்டும் மறக்காமல் போட வேண்டும்.

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. தச்சர்களுக்கு மத்திய அரசின் விஸ்வகர்மா திட்டம் 2023இல் வந்தது. அதை ஏற்காத தமிழக அரசு 2025இல் கலைஞர் கைவினைத் திட்டம் கொண்டுவந்தது. தூத்துக்குடியில் ஆயிரம் ஏக்கருக்கு மேல் அறைகலன் பூங்கா என்று 2022 மார்ச்சில் அடிக்கல் நாட்டினார்கள். துறைமுகத்தின் அருகில் என்பதால் நல்ல யோசனைதான். பட்டறைக்காரர்கள் பத்துப் பேர் சேர்ந்து பொதுவில் ஒரு கில்ன் வைத்துக்கொள்ள அங்கே இடம் கிடைத்தால் மிகவும் உபயோகமாக இருக்கும். ஏற்றுமதிக் கம்பெனிகளுக்கு மட்டும் என்றால் நம் பக்கத்துக்கு லாபமில்லை.

நம்மால் ஆகக்கூடியது எது என்பதைச் சொல்லி முடிக்கிறேன். நம் சங்கத்தில் மரவாடியும் இருக்கிறது, பிளைவுட் ஹார்டுவேர் கடையும் இருக்கிறது, ஷோரூமும் இருக்கிறது. பட்டறைக்காரர் வாங்குவதும் நம்மிடம், விற்பதும் நம்மிடம். எனவே இரண்டு ஏற்பாடுகளை நாமே செய்துகொள்ளலாம்.

சரக்கு கடையில் இறங்கும் அன்றே பில்லில் உள்ள வரித் தொகையை மட்டும் கொடுத்துவிடுவது. மேலே சொன்ன கட்டிலுக்கு 3,600 ரூபாய். கடைக்காரர் எப்படியும் அதை வரவு எடுக்கப் போகிறார், அதனால் அவருக்கு நிகர நஷ்டம் இல்லை. ஒரு மாதப் பணப் புழக்கம் மட்டும்தான். பட்டறைக்காரர் கைக்காசைப் போட்டு வரி கட்டும் தலைவலி அன்றோடு தீரும்.

மற்றது நம் பெரியவர்கள் காலத்து உண்டியல் முறை. பட்டறைக்காரர் கடைக்காரர் பேரில் 45 நாள் உண்டியல் எழுத, கடைக்காரர் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட, பட்டறைக்காரர் அதை மரவாடியில் கொடுத்து மரம் எடுத்துக்கொள்வது. 1881ஆம் வருடத்துச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. உண்டியல் தாள் எழுதிப் பழக்கமில்லை என்பவர்கள் 45ஆம் நாள் தேதியிட்ட செக் கொடுத்தாலும் சரி. மரவாடிக்குக் கடைக்காரரின் நாணயமே ஜாமீன் என்பதால், நாங்கள் அந்த 45 நாளுக்கு வட்டி போட வேண்டிய அவசியம் இல்லை, விலையும் ரொக்க விலையே போடலாம். எழுத்து மூலம் ஒப்பந்தம் இருப்பதால் கடைக்காரருக்கு 15 நாள் கெடுவும் இல்லை, வருமான வரித் தொல்லையும் இல்லை. பட்டறைக்காரர் உத்யம் பதிவை வைத்துக்கொண்டே ஆர்டர் வாங்கலாம்.

மரவாடிக்காரர்கள் சிலரிடம் பேசினேன். ‘செக் திரும்பினால் யார் பொறுப்பு?’ என்பதுதான் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி. நியாயமான கேள்வி. சங்கத்தின் சமரசக் குழு அதை எடுத்து நடத்த வேண்டும். ஒருமுறை திரும்பினால் அந்தக் கடையின் பேரில் மேற்கொண்டு உண்டியல் ஏற்பதில்லை என்று மரவாடிகள் எல்லோரும் சேர்ந்து தீர்மானம் போட வேண்டும். ஒருவர் மட்டும் நின்றால் கடை பக்கத்து மரவாடிக்குப் போய்விடும்.

ஆவணி முகூர்த்தத்துக்கான ஆர்டர்கள் ஆடியில் போய்ச் சேரும். அதற்குள் ஐந்து மரவாடியும் ஐந்து ஷோரூமும் சேர்ந்து ஒரு சீசனுக்கு மட்டும் நடத்திப் பார்க்கலாம். ஒப்பந்தத்தின் மாதிரிப் படிவம் ஒன்று ஆடிட்டரிடம் எழுதி வாங்கி வைத்திருக்கிறேன், ஒரு பக்கம்தான். மரவாடித் தரப்பில் முதல் கையெழுத்து நான் போடுகிறேன். ஷோரூம் தரப்பில் விருப்பமுள்ளவர்கள் வரும் மாதக் கூட்டத்துக்கு முன்பு சங்கச் செயலாளரிடம் பெயர் கொடுக்கக் கேட்டுக்கொள்கிறேன்.